இடுப்பளவு

நிறுத்துத்தான் வாங்கினேன்.
பழைய இரும்புக்கார நசூர்தீன்
தராசில் ஏற்றும்போது சொன்னான்:
"சக்கரம் சுத்தாது மிஸ்.
பாரம் மட்டும் குறையாது."

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
லிஃப்ட் போன வருஷமே செத்துவிட்டது.
நானும் பெலிக்சும்
படிமேடைக்குப் படிமேடை இறக்கிவைத்து
மூச்சு வாங்கினோம்,
பெட்டி தூக்குகிறவர்களைப் போல,
ஆனால் மேல்நோக்கி.

கறளுக்கு மருந்து மண்ணெண்ணெய்.
மண்ணெண்ணெய் அந்த ஆனியில்
ஜம்பட்டா வீதியையும் தாண்டி நீண்ட வரிசையின்
மறுமுனையில் இருந்தது.
எட்டு மணித்தியாலம், ஐந்து லீற்றர்.
அதில் ஒரு ஜாம் போத்தல் நிறைய
அடுப்புக்குத் தெரியாமல் எடுத்தேன்.
பெலிக்ஸ் கண்டான். கேட்கவில்லை.
அன்றிரவு பருப்பு அரைவேக்காட்டில் இறங்கியது.

நான் தையல்காரி இல்லை.
கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக்குக்
கணக்கெழுதுகிறவள்.
கப்பல் வராத மாதங்களில்
பாதிச் சம்பளத்தில் வீட்டிலிருந்தவள்.
துளை கண்ட இடமெல்லாம் ஒரு சொட்டு விட்டு
மூன்று நாள் ஊறப்போட்டேன்.
நான்காம் நாள் கைச்சக்கரம்
ஒரு மயிரிழை அசைந்தது,
பிறகு மாட்டேன் என்றது.
இன்னும் அரைப் போத்தல்.

தட்டைக் கழற்றினால்
துணி தள்ளும் பற்களுக்கிடையில்
கம்பளிபோல் இறுகிய தூசு.
பல்லுக்குத்தும் குச்சியால் கிண்டினேன்.
மேலே வெள்ளை, கீழே காக்கி,
அதற்கும் கீழே நகத்தளவு சிவப்பு.
யார் தைத்தது, எதற்கு என்று
யோசிக்கத் தொடங்கும்போதே தும்மல் வந்தது.
எல்லாம் பறந்துபோயிற்று.

தோல் பட்டி கெய்சர் வீதியில் கிடைத்தது.
புதுத்தோல் ஒரு கிழமையில் தளர்ந்துவிடும்;
கால் ஓடும், சக்கரம் நிற்கும்.
ஓரங்குலம் வெட்டியெறிந்து
கம்பிக் கொளுக்கியைத் திரும்பக் குத்தி
குறட்டால் நெரித்தேன்.

அதற்குப் பிறகும் தையல் விழவில்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் இரண்டு இரவு
தாவித் தாவிப் போன நூலைத் திட்டினேன்,
பெலிக்சைத் திட்டினேன், நாட்டைத் திட்டினேன்.
ஊசியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.
அவ்வளவுதான்.

பிறகு ஓடிற்று.
கரண்ட் போன கட்டடத்தில்
ஓடிய ஒரேயொரு மெசின்.
கீழ்மாடி விதானகே
விளக்குமாற்றுக் கட்டையால் கூரையில் இடித்தார்.
நிறுத்தினேன்.
மிதித்தேன்.
இடித்தார்.

மறுநாள் கதவடியில் அவருடைய மகள் இசுரி,
கையில் ஒரு காற்சட்டை.
அப்பாவுக்கு இடுப்பில் நிற்குதில்லை என்று
படியைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள்.
மூன்று அங்குலம் பிடிக்க வேண்டும்.

பிறகு இரண்டாம் மாடி டீச்சரின் சட்டைகள்.
எதிர்வீட்டுப் பையனின் பள்ளிக் காற்சட்டை:
கால் கட்டை, இடுப்பு மட்டும் பெரிது.
பிறகு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போன
பெலிக்சின் கல்யாணக் காற்சட்டை.
ஒருவரும் பெருப்பிக்கக் கேட்கவில்லை.
அளவு நாடா சுற்றும்போது
ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

மிச்சத் துணியை வெட்டவா என்று
இசுரி கத்தரிக்கோலை எடுத்தாள்.
தோல் பட்டியை யோசிக்காமல் வெட்டியவள்தான் நான்.
இதை வெட்ட விடவில்லை.
மூன்று அங்குலத்தையும் உள்ளே மடித்துப்
பெரிய தையலாக,
ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பிரிகிற தையலாக
ஓட்டிக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து எண்ணெய் விடுகிறேன்,
மெசின் எண்ணெய்தான்.
தேங்காயெண்ணெய் விட்டால் பிசின் பிடித்துவிடும்,
அதையும் ஒருதரம் செய்துபார்த்தாயிற்று.
துறைமுகப் பக்கத்து யன்னல்.
ஒரு கிழமை மறந்தால்
சக்கர விளிம்பில் உப்பு
மிளகாய்த்தூள் நிறத்தில் பூக்கும்.
பெலிக்சின் கிழிந்த பனியனால் துடைப்பேன்.

நேற்று விதானகே தானாகவே படியேறி வந்தார்,
அதே காற்சட்டையோடு.
ஓரங்குலம் மட்டும் விடச் சொன்னார்.
விட்டுக் கொடுத்தேன்.
மற்ற இரண்டும்
உள்ளேதான் இருக்கின்றன.